நான்காம் இயல் விற்கும் கடை

ரசீது இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. தரவு உள்ளீடு 160 படிவம், படிவத்துக்குப் பத்து ரூபாய் வீதம் 1,600. பகுப்பாய்வும் நான்காம் இயலும், கருதுகோள் (சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம்) பத்து வரை, 4,000. மூன்று பிரதி அச்சும் ஸ்பைரல் பைண்டிங்கும் 900. ஆக மொத்தம் 6,500 ரூபாய். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. திருச்சியில் பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கு, ஆய்வேட்டின் கணக்கையும் முடிவுகளைச் சொல்லும் நான்காம் இயலையும் செய்துகொடுக்கும் இப்படிப்பட்ட கடைகள் எப்படி இருக்கும் என்று தெரியும்: கீழே ஜெராக்ஸ், குறுகிய மாடிப்படி, மேலே ஆறு கணினிகள், சுவரில் விலைப்பட்டியல், தரையெங்கும் அடுக்கிக் கட்டிய வினாத்தாள் கட்டுகள். பக்கத்தில் தங்க எழுத்துப் பொறிக்கும் பைண்டிங் கடை. நுழையும்போது ஆசிரியராக இருப்பவர் வெளியே வரும்போது ஆய்வாளராகிவிடுகிறார் என்பது நம்பிக்கை.

இந்தக் கடை நன்றாக இருக்கிறதா என்று என்னோடு பணிபுரியும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவரி பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 19 ஆண்டுகளாக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. என் ஆய்வு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கற்றல் ஊக்கம் பற்றியது. ஒன்பது 'ஆ' பிரிவில் எட்டு வாரம் புதிய முறையில் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு திங்களும் மாணவர்கள் அந்த வார இலக்கைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை நால்வர் குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுச் சரிபார்ப்பார்கள். ஒன்பது 'அ' பிரிவில் சக ஆசிரியர் ஒருவர் வழக்கம்போல் நடத்தினார். முன்னும் பின்னும் இரு பிரிவுக்கும் ஒரே வினாநிரல். 38 பேர், 42 பேர், மொத்தம் 80. புதிய முறை பெறும் சோதனைக் குழு, ஒப்பிட வைத்த கட்டுப்பாட்டுக் குழு, முன்தேர்வு, பின்தேர்வு என்று மூன்றாம் இயலில் கட்டம் போட்டு வரைந்தபோது என் கண்ணுக்கே அழகாக இருந்தது.

வினாநிரல் நானாக உருவாக்கியது அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் பின்ட்ரிச்சும் அவருடைய குழுவினரும் 1991இல் கையேட்டோடு வெளியிட்ட எம்.எஸ்.எல்.க்யூ. என்ற, கற்றல் ஊக்கத்தையும் கற்கும் உத்திகளையும் அளக்கும் வினாநிரல். அதில் மொத்தம் 81 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். அவற்றில் ஊக்கம் தொடர்பான 31 கூற்றுகளை மட்டும் தமிழாக்கி, இரண்டு தமிழாசிரியர்களிடம் காட்டித் திருத்திப் பயன்படுத்தினேன். அது கல்லூரி மாணவர்கள் 380 பேரிடம் சோதித்து எடுத்த கருவி என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதே சட்டை பொருந்துமா என்று தையல்காரர்கூடக் கேட்டிருப்பார்.

கடைக்குப் போன முதல் நாள். உரிமையாளர் மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மேடம், எத்தனை கருதுகோள்?" நான்கு என்றேன். "பத்து வரைக்கும் ஒரே விலைதான். ஆறு வீணாகிறதே" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். படிவத்தின் மேல்பகுதியில் பாலினம், பெற்றோர் கல்வி, பிறப்பு வரிசை, கிராமமா நகரமா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்ற விவரங்களைச் சேகரித்திருந்தேன். எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறதே என்று நானும் சேர்த்தது. அவற்றிலிருந்து ஆறு கருதுகோள்கள் அந்த நாற்காலியிலேயே பிறந்தன. பிரசவ வலி எதுவும் இல்லை.

கடையின் நல்ல பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தரவு உள்ளீடு அப்பழுக்கில்லாத வேலை. இரண்டு பெண்கள் தனித்தனியாக எண்களை ஏற்றி, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் படிவத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரே வரிசை எண்ணில் இரண்டு படிவங்கள் இருப்பதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவன் 31 கூற்றுக்கும் ஏழையே வட்டமிட்டிருந்தான். "இவன் படித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை மேடம்" என்று மஞ்சள் தாள் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. அட்டவணை 4.1 முதல் 4.14 வரை ஒழுங்கான கோடுகள், தசமப் புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கப் பத்தி. இந்த வேலையை நான் செய்திருந்தால் கோடை விடுமுறை முழுவதும் போயிருக்கும்.

முடிவும் இனித்தது. முன்தேர்வைவிடப் பின்தேர்வில் 'ஆ' பிரிவின் சராசரி 11 புள்ளி கூடியிருந்தது. 'அ' பிரிவில் 3 மட்டுமே. இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனையில் பி மதிப்பு 0.03, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்புதான். 0.05க்குக் கீழே வந்தால் வேறுபாடு உண்டு என்று எழுதுவது வழக்கம். "இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது", அதாவது வேறுபாடே இல்லை என்ற ஊகம் தள்ளப்படுகிறது, என்ற வரியை மாடிப்படியில் நின்று மூன்று முறை படித்தேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "0.05க்குக் கீழே வராமல் இருந்தாலும் சொல்லுங்கள் மேடம், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சுவரில் இருந்த பட்டியலில் 'ஒப்புமை விழுக்காடு குறைத்தல்' என்றும் ஒரு வரி இருந்தது. பிறர் எழுத்தோடு நம் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் ஒப்புமை. 10 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் சிக்கல் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. திருடாமல் எழுதுவதற்காக வந்த அந்த விதி, திருடியதை மாற்றி எழுதிக் கொடுக்கும் தொழிலுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. இந்த இரண்டு வரிகளுக்காகவே கடைக்கு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம்.

பிரதிகளை வாங்கப் போன அன்று உரிமையாளர் இல்லை. கடைசிக் கணினியில் ஓர் இளைஞர், புள்ளியியலில் முதுகலை முடித்தவர், வேலை கிடைக்கும்வரை இங்கே. அவர் என் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "மேடம், ஒன்று கேட்கலாமா? இந்த 31 கூற்றையும் மொத்தமாகக் கூட்டி ஊக்க மதிப்பெண் என்று போட்டிருக்கிறார்கள். கூட்டலாமா?"

"ஏன், கூட்டினால் என்ன?"

அவர் என் தமிழ்ப் படிவத்தையே எடுத்து ஒரு வரியைக் காட்டினார். தேர்வு எழுதும்போது நெஞ்சு படபடக்கிறது என்பது அந்தக் கூற்று. "இதற்கு ஏழு போட்ட பிள்ளைக்கு ஊக்கம் அதிகமா மேடம்?"

தரை கொஞ்சம் அசைந்தது. அந்த 31 கூற்றுகள் ஒரே சரக்கு அல்ல. ஆறு தனித்தனி அளவைகள்: உள்ளார்ந்த இலக்குக்கு நான்கு, மதிப்பெண் போன்ற வெளி இலக்குக்கு நான்கு, பாடத்தின் மதிப்புக்கு ஆறு, முயன்றால் முடியும் என்ற நம்பிக்கைக்கு நான்கு, தன்திறன் நம்பிக்கைக்கு எட்டு, தேர்வு அச்சத்துக்கு ஐந்து. கையேட்டில் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அளவைக்கும் அதனதன் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். அச்சத்தையும் ஆர்வத்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கி, கூடியது என்று பெருமைப்பட்டிருக்கிறேன். கடை செய்தது தவறுதான். ஆனால் 'மொத்த ஊக்க மதிப்பெண்' என்ற சொல் என் மூன்றாம் இயலிலேயே இருக்கிறது. அவர்கள் கேட்டதைச் செய்தார்கள்.

அந்தத் தம்பி ஆறாகப் பிரித்துப் பத்து நிமிடத்தில் மறுபடி ஓட்டினார். 'ஆ' பிரிவில் கூடிய 11 புள்ளியில் 7 புள்ளி தேர்வு அச்சத்தின் கணக்கு. மீதி 4. 'அ' பிரிவில் கூடிய 3இல் அச்சத்தின் பங்கு ஏறக்குறைய இல்லை. ஆக, என் எட்டு வார உழைப்புக்கும் வழக்கமான பாடத்துக்கும் உள்ள இடைவெளி ஒரே ஒரு புள்ளி. 26 கூற்றுகள், 182 மதிப்பெண்ணில் ஒரு புள்ளி. தன்திறன் நம்பிக்கை இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

ஆனால் 'ஆ' பிரிவுக்கு மட்டும் ஏன் அச்சம் ஏறியது? பஸ்ஸில் லால்குடி வரைக்கும் யோசித்தேன். பாலத்தைக் கடக்கும்போதுதான் நினைவு வந்தது. இரு பிரிவுக்கும் ஒரே வாரத்தில் பின்தேர்வு என்றுதான் திட்டம். 'அ' பிரிவுக்கு வெள்ளிக்கிழமை முடித்துவிட்டேன். 'ஆ' பிரிவுக்குத் திங்கள். அந்தத் திங்கள் மழை விடுமுறை, செவ்வாயும், புதனும். பள்ளி திறந்த நாள் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள். அன்றுதான் அவர்கள் கையில் படிவத்தைக் கொடுத்து, தேர்வெழுதும்போது நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். படபடக்காமல் என்ன செய்யும்? என் புதிய முறை வேலை செய்ததாக நான் அச்சடித்து வைத்திருந்தது வடகிழக்குப் பருவமழையின் வேலை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன், இம்முறை அந்தத் தம்பியைப் பார்ப்பதற்கென்றே. உரிமையாளரிடம் திருத்தம் என்றேன். கீழே டீக்கடையில் நின்றுகொண்டு ஆய்வு வடிவமைப்பை முதலிலிருந்து சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தி, "மேடம், மொத்தம் இரண்டே வகுப்புதானா?" என்றார். இரண்டு வகுப்பில்லை தம்பி, எண்பது மாணவர்கள் என்றேன். அவர் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். இந்தக் கடை எனக்குக் கொடுத்தவற்றிலேயே விலை மதிப்புள்ள தாள் அதுதான். ரசீதில் அது இல்லை.

ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே மணி, ஒரே மின்விசிறி, ஒரே சண்டைகள். அந்த ஒட்டுதலுக்கு ஓர் எண் உண்டு: ஒட்டே இல்லையென்றால் 0, அனைவரும் ஒரே அச்சு என்றால் 1. அது வெறும் 0.1 என்றே வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 40 பேர். ஒன்றோடு, நாற்பதில் ஒன்று குறைந்த 39ஐ 0.1ஆல் பெருக்கிக் கூட்டினால் 4.9. எண்பதை 4.9ஆல் வகுத்தால் 16 சொச்சம். என் 80 மாணவர்கள், தனித்தனியாகப் பொறுக்கிய 16 பேர் தரும் அளவுக்கே தகவல் தருகிறார்கள். டி-சோதனையோ 80 பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று எண்ணிக்கொண்டு 0.03 என்கிறது. "இதுகூடப் பரவாயில்லை மேடம்" என்றார் தம்பி. சோதனைக்கு ஒரு வகுப்பு, கட்டுப்பாட்டுக்கு ஒரு வகுப்பு என்று இருந்தால் அந்த ஒட்டுதலை என் தரவிலிருந்து கணக்கிடவே வழியில்லையாம். வகுப்புகளுக்குள் ஏற்கெனவே இருந்த வித்தியாசமும் என் முறை உண்டாக்கிய வித்தியாசமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

வித்தியாசம் இருந்ததா என்று கேட்கவே வேண்டாம். 'அ' ஆங்கில வழி, 'ஆ' தமிழ் வழி. 'அ' பிரிவுக்கு அறிவியல் முதல் மணி, 'ஆ' பிரிவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. அங்கே சக ஆசிரியர், இங்கே நான். முறையைச் சோதித்தேனா, என்னையே சோதித்தேனா, பயிற்றுமொழியைச் சோதித்தேனா, மத்தியானத் தூக்கத்தைச் சோதித்தேனா?

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. 'ஆ' பிரிவை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்? முன்தேர்வில் அவர்களுக்கு மதிப்பெண் குறைவு. பாவம், அவர்களுக்கே உதவட்டும் என்று எடுத்தேன். அங்கேதான் கால் வழுக்கியது. ஒரு தேர்வில் குறைவாக எடுத்தவர்களைப் பொறுக்கி மறு தேர்வு வைத்தால், நாம் விரலை அசைக்காவிட்டாலும் அவர்கள் கொஞ்சம் மேலே வருவார்கள், ஏனென்றால் அந்தக் குறைவில் ஒரு பகுதி அன்றைய நாளின் கெட்ட நேரம். திருப்புதல் தேர்வில் மதிப்பெண் விழுந்ததும் தலைமையாசிரியர் வந்து திட்டுவார்; அடுத்த தேர்வில் கொஞ்சம் ஏறும்; திட்டியதால்தான் ஏறியது என்று ஆயுள் முழுக்க நம்புவார். நானும் அதே வரிசையில்தான் நின்றிருக்கிறேன், கொஞ்சம் அன்பாக.

வீட்டுக்கு வந்து ஆய்வு வடிவமைப்பு பற்றிய நூல் ஒன்றின் நூலகப் பிரதியைப் புரட்டினேன். அதில் டொனால்ட் கேம்பெல்லும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963இல் 16 ஆய்வு வடிவமைப்புகளை எண்ணிட்டு அலசியிருக்கிறார்கள். என்னுடையது பத்தாம் எண்: ஏற்கெனவே அமைந்த இரு குழுக்கள், சமமற்ற கட்டுப்பாட்டுக் குழு. அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புகளைக் கலைத்துப் போட முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் எந்தக் குழுவுக்குப் புதிய முறை என்பதை ஆய்வாளர் தற்செயலாக முடிவுசெய்ய வேண்டும் என்பது அங்கே அடிப்படை. ஒரு ரூபாய்க் காசு போதும். சுண்டிப் போட்டிருந்தால், குறைந்த மதிப்பெண் வகுப்பை நானே பொறுக்கிய பாவமாவது குறைந்திருக்கும். மூன்றாம் இயலில் அந்த நூலை மேற்கோள் காட்டியிருக்கிறேன். படிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் வகுப்பில் வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பார்க்காமல் அளவெடுத்த பிள்ளைக்கு மதிப்பெண் போடமாட்டேன். ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடமே அளவீடு. இருபதடி தள்ளி இருந்த அந்தப் பாடம் என் ஆய்வுக்கு வந்து சேரவில்லை. படிவங்களில் வரிசை எண் எழுதச் சொன்னேன், முன்தேர்வோடு பின்தேர்வைப் பொருத்த வேண்டுமே என்று. 'இந்த வகுப்பில் கற்பவை எனக்குப் பயனுள்ளவை' என்று தாளில் இருக்கிறது. அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியை மேசையருகே நிற்கிறார். தாளில் வரிசை எண் இருக்கிறது. எந்தப் பிள்ளை 2 போடும்? ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எதற்கு வட்டம் போட்டால் சரி?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்றே அந்தக் கேள்வியை எழுதி வைத்திருந்தால் அது ஆய்வின் மிக நேர்மையான தரவாக இருந்திருக்கும்.

ஊக்கத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்பதும் இல்லை. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த சோதனையை ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்போம். வண்ணப் பேனாவில் வரைவதை விரும்பும் 51 பிள்ளைகள், வயது மூன்று முதல் ஐந்து. சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலாகப் பிரித்தார்கள். பிறகு அந்தப் பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் தாமாக எடுத்து வரைகிறார்கள் என்று மறைவிலிருந்து பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். "உனக்கு ஊக்கம் இருக்கிறதா, ஏழுக்கு எத்தனை?" என்று யாரும் கேட்கவில்லை. என் பள்ளியிலும் வழி இருந்தது. மணி அடித்த பிறகு சந்தேகம் கேட்க எத்தனை பேர் நிற்கிறார்கள், திங்கள் இலக்கை நான் சொல்லாமலேயே எத்தனை பேர் எழுதுகிறார்கள், நூலகப் பதிவேட்டில் அறிவியல் புத்தகம் யார் பெயரில் போகிறது. எல்லாம் கண்முன்னே நடந்தது. எண்ணவில்லை.

பத்துக் கருதுகோள் பொட்டலத்துக்கும் வந்துவிடுகிறேன். உரிமையாளர் 'வீணாகாமல்' சேர்த்துக் கொடுத்த ஆறில் ஒன்று மின்னியது: கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கம் அதிகமாம், பி மதிப்பு 0.04. விளக்கப் பத்தியில் தாத்தா பாட்டி அரவணைப்பு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். படிக்கவே இதமாக இருந்தது. தம்பியின் கணக்கு வேறு. எதிலும் உண்மையான வேறுபாடு இல்லாதபோதும், ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளை 0.05 அளவில் ஓட்டினால், ஒன்றாவது தற்செயலாக மின்னுவதற்கு 40 விழுக்காடு வாய்ப்பு. 0.95ஐப் பத்து முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் செய்யலாம். தாத்தா பாட்டியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

1938இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குப் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் தலைமை தாங்கினார். சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிணக்கூறாய்வுக்குக் கூப்பிடுவது போலத்தான், எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்று அந்த உரையில் சொன்னார். இந்தத் தம்பி எனக்குச் சொன்னது அந்தக் காரணத்தை. என்ன, மாலை போட்டு மூன்று பிரதி பைண்டிங்கும் செய்த பிறகு.

இப்போது கேள்விக்குப் பதில். தரவை ஏற்றவும் அட்டவணை போடவும் நேரமில்லாத ஆசிரியர் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். வடிவமைப்பு சரியாக இருந்தால் 6,500 நியாயமான விலை. போகும்போது எந்தக் கூற்றுகள் எந்த அளவையைச் சேர்ந்தவை, எவை எதிர்த்திசைக் கூற்றுகள் (அதிக எண் போட்டால் குறைவு என்று பொருள்படுபவை) என்று தனித்தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள். நம்பகத்தன்மைக்கு, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்பா எண்ணை மொத்தத்துக்கும் ஒன்றாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், அளவைக்கு ஒன்றாகக் கேளுங்கள். என் மொத்தக் கூட்டலுக்குக் கொடுத்த ஆல்பா 0.8ஐத் தாண்டியிருந்தது, அதைப் பார்த்துத்தான் நானும் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் இயலை நீங்களே எழுதுங்கள். மூல எண்கள் இருக்கும் கோப்பை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதியை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல் காதில் விழுந்தால் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். மின்தூக்கி கிடையாது, மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை மின்சாரமும் பல நாள் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் காலையில் போவது நல்லது.

திருத்தத்துக்கு 500 ரூபாய் கேட்டார்கள். 31 கூற்றையும் கூட்டியதில் அவர்கள் பங்கும் இருக்கிறதே என்று வாதாடினேன், 300க்கு முடிந்தது. நான்காம் இயலில் இப்போது ஆறு அளவைகளும் தனித்தனியாக, வேறுபாடு இல்லை என்ற வரியோடு இருக்கின்றன. நெறியாளரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இது சின்ன முன்னோட்ட ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம், அம்மா. இன்னொரு வருடம் கேட்போம்" என்றார். வீட்டில் சொன்னபோது என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் காப்பி போடப் போனார்.

ஜூனில் மறுபடி தொடங்குகிறேன். ஐந்து பள்ளிகளில் பன்னிரண்டு தமிழ் வழி வகுப்புகள் கிடைக்கும் போலிருக்கிறது. எந்த ஆறுக்குப் புதிய முறை என்பதைத் தலைமையாசிரியர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கிப் போடப்போகிறேன். பாடம் நடத்துவது அந்தந்த ஆசிரியர்களே, நான் அல்ல. படிவத்தை வகுப்பாசிரியர் கொடுக்கமாட்டார். பின்தேர்வுத் தேதி மழைக்காலத்துக்கு முன்பே. பன்னிரண்டு வகுப்பு போதுமா என்பதில் தம்பிக்கு இன்னும் சந்தேகம்.

இந்தத் திட்டத்தை எழுதிக்கொண்டு போன வாரம் கடைக்குப் போனேன், கையில் ஒரு படிவம்கூட இல்லாமல். உரிமையாளருக்குப் புரியவில்லை. "தரவு எங்கே மேடம்?" என்றார். இன்னும் எடுக்கவில்லை, எப்படி எடுப்பது என்று தம்பியிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும், என்ன கட்டணம் என்றேன். அவர் சுவரில் இருந்த விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். மறுபடி மேலே போனார். கடைசியில் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'இதர வேலை: 100' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.